பண்ணை வீடு ஊர் மையமாக வேண்டுமா? முதலில் கூரை, அப்புறம் விதை, வெள்ளையடிப்பு கடைசியில்

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. மன்னார்குடிப் பக்கம் தாத்தா காலத்துப் பண்ணை வீடு, வயது நூறுக்குக் கொஞ்சம் குறைவு, வீட்டோடு களம், மாட்டுக்கொட்டகை, ஒரு குட்டை, நான்கு ஏக்கர் நஞ்சை. பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இடிக்கவும் மனசில்லை, ரிசார்ட்டுக்காரருக்குக் கொடுக்கவும் மனசில்லை, ஊர் மக்களுக்கான வேளாண் மரபு மையமாக மாற்ற ஆசை. எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு ஆகும்?

எவ்வளவு ஆகும் என்று வீட்டைப் பார்க்காமல் சொல்கிறவரை நம்பாதீர்கள், நானும் சொல்லப் போவதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்பதைச் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கள் ஊரில் இதே மாதிரி ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இதைச் செய்து கொண்டிருக்கிறோம், நிறையத் தப்பும் பண்ணியிருக்கிறோம்.

முதலில் காகிதம். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப் போட்டு, வீட்டுக்குச் செலவு பண்ணி முடித்த பிறகு பங்காளி வந்து நின்ற கதைகள் டெல்டாவில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால், இன்றைக்கு அது எத்தனை பேருக்குச் சொந்தம் என்று வம்சாவளி எழுதிப் பாருங்கள். அத்தைகளை விட்டுவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தமும் நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டன, தாத்தா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போயிருந்தால் அப்போதும் மகன் மகள் எல்லாருக்கும் சமப் பங்குதான். "அத்தை சீர் வாங்கிக்கொண்டு போனவர்தானே" என்ற பேச்செல்லாம் திண்ணையில் எடுபடும், பத்திரத்தில் எடுபடாது. எல்லாரும் சம்மதித்த பிறகு, சொத்தை எடுத்த எடுப்பிலேயே தானமாக எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு சங்கமோ அறக்கட்டளையோ பதிவு செய்து, அதற்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம், வெறும் ஒப்பந்தத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது போதாது.

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். இந்த ஏழு பேர் யார் என்பதில்தான் மையத்தின் எதிர்காலமே இருக்கிறது. ஏழு பேரும் உங்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளாக இருந்தால் அது குடும்ப நினைவில்லம், தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் "ஊர்" என்ற சொல்லைப் பலகையில் எழுதாதீர்கள். குடியானத் தெருவிலிருந்து இரண்டு பேர், காலனியிலிருந்து இரண்டு மூன்று பேர், அதிலும் நடவுக்குப் போன பெண்கள், உள்ளூர்ப் பள்ளியில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், இப்படி அமைந்தால்தான் நீங்கள் சென்னைக்குத் திரும்பிப் போன பிறகும் கதவு திறந்திருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். பழைய வீட்டைக் கையிலெடுக்கிற எல்லாரும் முதலில் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். தூணுக்கு வார்னிஷ், திண்ணைக்குக் காவி, வெள்ளையடிப்பு, ஒரு போட்டோ. நீங்கள் ஏணி போட்டு மேலே ஏறுங்கள். இரண்டு ஓடு நகர்ந்திருந்தால் போதும், இரண்டு மழைக்காலத்தில் கீழே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்துவிடும், அப்புறம் அதைத் தாங்கும் சாய்வான கைமரம், அப்புறம் எல்லாவற்றையும் தாங்கும் உத்திரம். கைமரம் நடுவில் நன்றாகத்தான் தெரியும். கெட்டுப் போவது சுவருக்குள் புதைந்திருக்கிற நுனி. ஒரு சின்னச் சுத்தியலால் நுனிக்குப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையோ தேக்கோ கணீரென்று சொல்லும், கரையான் புகுந்தது பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், விரல் நீளத்துக்கு உள்ளே போனால் அந்த மரத்தை மாற்றியாக வேண்டும். எத்தனை கைமரம், அதில் எத்தனை போச்சு, இந்தக் கணக்குதான் உங்கள் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கும்.

ஓட்டைப் பிரிப்பதற்கு முன்பு ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுப் படம் எடுத்துவிடுங்கள். முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறதே, 1996இல் திறந்தது, அங்கே தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள், தஞ்சாவூர் விவசாயி வீடு ஒன்றும் உண்டு. ஒரு நாள் போய்ப் பொறுமையாகப் பார்த்துவிட்டு வாருங்கள், குறிப்பாக மரவேலையின் பொருத்துகளை. அங்கே அந்த வீட்டைச் சுற்றி அதன் வயல் இல்லை, உங்களுடையதைச் சுற்றி இருக்கிறது. அந்த ஒரு வசதிக்காகவே நீங்கள் அவர்களைக் காப்பியடிக்க வேண்டியதில்லை.

ஓடு விஷயத்தில் ஒரு குறிப்பு. உங்கள் வீட்டு வயசுக்கு முன்பக்கம் தட்டையான சீமை ஓடும் (மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஆரம்பித்த தொழில், அங்கிருந்து பரவியது) கொல்லைப் பக்கம் வளைந்த நாட்டு ஓடுமாக இருக்க வாய்ப்பு அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததில் நம் பக்கம் ஏகப்பட்ட ஓட்டு வீடுகள் தகர ஷீட்டுக்கு மாறின. அப்போது இறக்கிய நல்ல ஓடுகள் இன்னமும் பல கொல்லைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. புதுசு தேடி அலைவதற்கு முன்னால் சைக்கிளில் நாலு ஊர் சுற்றிக் கேட்டுப் பாருங்கள், எங்களுக்குப் பாதிக்கு மேல் அப்படித்தான் கிடைத்தது.

சுவரில் நாங்கள் பண்ணிய தப்பைச் சொல்கிறேன். அடிச்சுவர் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. வந்த கொத்தனார் "ரெண்டே நாள் வேலை" என்று சிமெண்ட் வைத்து இடுப்பு உயரத்துக்குப் பூசிவிட்டார், நாங்களும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த கார்த்திகையில் ஈரம் இடுப்புக்கு மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சும் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. காரணம் எளிது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் தண்ணீர் வேறு வழி தேடி மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டு போகும். மொத்தத்தையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்கு வந்தோம். நீற்றிய சுண்ணாம்பை நன்றாக ஊற விட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூச வேண்டும். இறுகுவதற்கு நாளாகும், அதுவரை ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும், அவசரப்படுகிற ஆளுக்கு இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. பொங்கல் முடிந்ததும் ஓட்டைப் பிரித்தால் ஆடிக்குள் கூரையும் சுவரும் முடியும். ஐப்பசி மழைக்குள் முடியாது என்று தோன்றினால் அந்த வருடம் தொடவே தொடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காத்திருங்கள்.

மின்சாரக் கம்பி முழுவதும் புதுசாகப் போட வேண்டும், பேச்சே இல்லை. வைக்கோல் இருக்கிற வீட்டில் பழைய வயர் கூடாது. கழிப்பறை நல்லதாக, கிணற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், சக்கர நாற்காலி ஏறச் சரிவும் வேண்டும். களத்தைச் சமன் செய்து பேவர் பிளாக் பதித்தால் கார் நிறுத்த வசதி என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அவரோடு சண்டை போட்டாவது தடுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த வீட்டிலேயே முக்கியமான இடம் களம்தான்.

ஏன் களம் என்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம். நெல் கொட்டி வைக்கும் பத்தாய அறையைக் காலி செய்தபோது நெல் அளக்கிற மரக்கால்கள் இரண்டு கிடைத்தன. இரண்டுக்கும் பித்தளைப் பூண், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒன்று மட்டும் ஒரு விரல் கட்டை. சின்னது ஏதோ பழுதானது போல என்று ஓரமாக வைத்துவிட்டுப் பெரியதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தக் காலத்தில் இதே வீட்டுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வந்த ஓர் ஆயியைக் கூப்பிட்டிருந்தோம், எண்பதை நெருங்கும் வயது. களம் வரைக்கும் ஆயிரம் தடவை வந்திருக்கிறார், ரேழியைத் தாண்டி உள்ளே வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை, அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மரக்காலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். நெல்லை அள்ளிப் பெரியதில் போட்டு, உள்ளங்கையால் தலைவழித்து, "லாபம்" என்றார். நெல் அளக்கும்போது ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். அப்புறம் அந்த நெல்லைச் சின்னதில் கவிழ்த்தார். சின்னது நிறைந்து, மிச்சம் தரையில் சிந்தியது. சிந்தியதைக் கையால் கூட்டிவிட்டு, முதலில் பெரியதையும் அப்புறம் சின்னதையும் காட்டி, "இது அவுங்க எங்ககிட்ட அளந்து வாங்குற மரக்கா தம்பி, இது எங்களுக்குக் கூலி போடுற மரக்கா" என்றார். கோபமெல்லாம் இல்லை, கலப்பையில் எது மேழி எது கொழு என்று சொல்லிக் கொடுக்கிற குரல்தான்.

எங்களில் ஒருவர் அந்த வீட்டின் பேரன். அவர் முகம் மாறிவிட்டது. அந்தச் சின்ன மரக்காலை வைப்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசினோம். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, கண்ணாடிப் பெட்டி கிடையாது, ஒரு முறம் நெல்லும் கூடவே இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் அவர்களே அளந்து பார்க்கிறார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று மனப்பாடம் செய்ததற்கும், மரக்காலே இரண்டு இருந்தது என்று கையால் தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் தாத்தா நல்லவராகவே இருந்திருக்கலாம், நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கீழத்தஞ்சையில் பண்ணை வீடு என்றால் பண்ணையாள் இல்லாமல் ஒரு செங்கல்லும் இல்லை. 1952இல் தஞ்சைக்கென்றே தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த பூமி இது. கூலித் தகராறு முற்றி 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட பூமியும் இதுதான். 1961 நில உச்சவரம்புச் சட்டம், 1970இல் அந்த உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் ஏக்கர் கணக்கு) 15ஆகக் குறைந்தது, அதற்கு முன்னும் பின்னும் உங்கள் குடும்பத்துப் பத்திரங்களில் நிலம் யார் யார் பெயருக்குப் போனது, இதெல்லாம் உங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கும். எடுத்து வையுங்கள். இதை மறைத்துவிட்டுப் பித்தளை அண்டாவையும் ஊஞ்சலையும் மட்டும் காட்டினால் வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள், காலனியிலிருந்து ஒரு ஆள் வர மாட்டார். அப்புறம் எதற்கு ஊர் மையம்?

அதனால் கூரை வேலை நடக்கும்போதே ஒரு ரெக்கார்டரை (போனே போதும்) எடுத்துக்கொண்டு வயதானவர்களிடம் போங்கள். "அந்தக் காலத்துல விவசாயம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் யாருக்கும் எதுவும் வராது. ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கருக்கரிவாள், பரம்பு, இறைகூடை, விதைக்கோட்டை கட்டுகிற வைக்கோல் பிரி என்று கையில் எது வந்தாலும் வாய் தானாக வரும்.

பொருள் சேர்ப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊரில் இல்லாததை வாங்கி வைக்காதீர்கள். கமலை ஏற்றம் பார்க்க அழகு, ஆனால் அது கிணற்றுப் பாசன ஊர்களின் சொத்து. ஆற்றுப் பாசன வயலுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் எண், கொடுத்தவர் பெயர், இனாமா இரவலா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஐந்து வருடம் கழித்து "எங்க வீட்டு உரலைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க" என்று பேச்சு வராமலிருக்க. மாடு வாங்க ஆசை வரும். உம்பளச்சேரி மாடு சேற்று உழவுக்குப் பேர் போனது, நம் பகுதியின் சொந்த இனம், எல்லாம் சரி. ராத்திரி தீவனம் வைக்க ஆள் யார் என்று முடிவாகாமல் ஒரு கன்றுக்குட்டி கூட வாங்க வேண்டாம். உழவு காட்ட வேண்டிய நாளில் ஜோடி வைத்திருப்பவரிடம் வாடகைக்குக் கூப்பிடுங்கள், அவருக்கும் நாலு காசு.

இப்போது விதை. என்னைக் கேட்டால் நான்கு ஏக்கரில் அரை ஏக்கரை இதற்கு ஒதுக்கி, வீட்டுக்குச் செங்கல் வாங்குவதற்கு முன்பே நாற்று விட்டுவிடுவேன். நம் பக்கத்திலேயே வழி காட்டிய ஆள் இருந்தார், நெல் ஜெயராமன். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரோடு நடந்தவர், திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006இலிருந்து நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டவர், 2018 டிசம்பரில் காலமானார். அவருடைய ஏற்பாடு ரொம்ப எளிமை. திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை சும்மா கொடுப்பார், அடுத்த வருடம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திறப்பு விழா, கட்டடம், கமிட்டி எதுவும் இல்லாமல் நாளைக்கே உங்கள் களத்தில் நீங்கள் ஆரம்பிக்கக்கூடிய மையம் இதுதான்.

ரகத்துக்கு ஒரு சென்ட் போட்டால் அரை ஏக்கரில் ஐம்பது ரகம் கணக்கில் வரும், ஆனால் வரப்பு, இடைவெளி எல்லாம் போகவும், கவனிக்கிற ஆளுக்கு மூச்சு விடவும், முதல் வருடம் பத்து ரகத்தைத் தாண்டாதீர்கள். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, குழியடிச்சான் என்று நம் மண்ணில் நின்றதிலிருந்து எடுங்கள். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான், இருந்தாலும் ரகத்துக்கு ரகம் மூன்று மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. ஒற்றை நாற்றாக நடுங்கள், அப்போதுதான் கலவன், அதாவது வேறு ரகம் கலந்தது, எது என்று கண்ணுக்குத் தெரியும். பூக்கும்போது ஒரு தடவை, கதிர் முற்றும்போது ஒரு தடவை இறங்கி, உயரத்திலோ நிறத்திலோ வித்தியாசமாக நிற்பதைப் பிடுங்கிவிட வேண்டும். இதைச் செய்யாத விதை வங்கிகளில் மூன்றாம் வருடம் பெயர்ப்பலகை மட்டும்தான் வேறு வேறாக இருக்கும், உள்ளே எல்லாம் ஒன்றாகிவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன். நீளமான சம்பா ரகங்களுக்குப் பட்டம் தவறக் கூடாது, ஆடி ஆவணிக்குள் விதைத்தாக வேண்டும். காட்டுயானம் கிட்டத்தட்ட ஆறு மாதப் பயிர், ஆள் உயரத்தைத் தாண்டும், பிள்ளைகளைக் கூட்டி வந்து அதற்குள் ஒளிந்து விளையாட விட்டால் அதைவிட நல்ல அருங்காட்சியகம் கிடையாது.

விதையைப் பத்தாயத்தில் போட்டு ஐந்து வருடம் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் முளைப்புத் திறன் ஒன்றிரண்டு வருடத்தில் இறங்கிவிடும். நன்றாகக் காய வைத்து, நொச்சித் தழை போட்டு, ஒவ்வொரு வருடமும் வயலுக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விதை பரிமாறுவது குற்றம் என்று யாராவது பயமுறுத்தினால், பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 என்று பெயரைச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் தன் விளைச்சலை விதையாக வைத்துக்கொள்ள, மாற்றிக்கொள்ள, பிராண்டு போடாமல் விற்க விவசாயிக்கு அதில் உரிமை இருக்கிறது.

பணம். கட்டுவதற்கான பணம் எப்படியாவது கிடைத்துவிடும், பேரன்கள் துபாயிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் அனுப்புவார்கள். திணறுவது மாதாமாதச் செலவில்தான்: ஒரு ஆள் சம்பளம், கரண்ட், ஓடு மாற்றுவது, எலிக்கும் கரையானுக்கும் மருந்து. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் சங்கத்துக்கு வருமான வரித் துறையின் வரிவிலக்கு, நன்கொடைச் சலுகைப் பதிவுகளும் (12ஏ, 80ஜி என்று சொல்லப்பட்டவை), கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், ஒரு நல்ல ஆடிட்டரை முதல் வருடமே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி ஆள் வைக்காதீர்கள், அந்தப் பணம் ஒரு வருடம் வரும், அடுத்த வருடம் அவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குக் கை கொடுப்பது மீதி நிலத்து விளைச்சலை அரிசியாகவும் அவலாகவும் விற்பதும், முற்றத்தையும் களத்தையும் ஊர் விசேஷங்களுக்குச் சின்ன வாடகைக்கு விடுவதும்தான். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வருகிற கூட்டம், சும்மா இருக்கிற நேரத்தில் பத்தாய அறையையும் எட்டிப் பார்க்கும். வாடகை எல்லாத் தெருவுக்கும் ஒன்றேதான் என்பதை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். பூட்டைத் திறந்து, ஏணி போட்டு, கைமர நுனிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எத்தனையில் சத்தம் மாறியது என்று எண்ணி எழுதுங்கள், கூடவே உத்திரத்தின் நீளமும். அந்தக் கணக்கு வந்தால்தான் நீங்கள் கேட்ட "எவ்வளவு ஆகும்" பற்றி நாம் பேச ஆரம்பிக்க முடியும். ஏறும்போது கீழே ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இருக்கட்டும், பத்து வருடம் பூட்டிய வீட்டில் ஓட்டுக்கடியில் பாம்பு இல்லாமல் இருக்காது.